கத்தி படாத இடத்திற் காயம்

எமது வீட்டுக்கு நான்கு வேலி தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். எழுபதைத் தாண்டிய வயதிலும் தாமே கிணற்றில் நீரள்ளித் தமது பூங்கன்றுகளுக்கு ஊற்றுபவர். சென்ற மாரியிற் பாசி படர்ந்த கிணற்றுக்கட்டிற் கால் வழுக்கி விழுந்தார். விழும்போது எவரும் செய்வது போலக் கையை ஊன்றினார். வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. வைத்தியசாலையிற் சேர்த்து, முறிந்த எலும்பைத் தகடு வைத்து ஆணியிட்டுப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் நாம் தோடம்பழங்களுடன் பார்க்கச் சென்றபோது அம்மையார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தில் வேதனையை விட வியப்பே மிகுந்திருந்தது. சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கைக்கு மேலே புயத்தின் உட்புறத்தைக் காட்டினார். அங்கே இரண்டு விரல் அகலத்தில், ஓரம் வெட்டி ஒட்டியது போன்ற ஒரு சிவந்த பட்டை. அதன் நடுவே நீர் கோத்த கொப்புளங்கள் மூன்று. ஓரிடத்தில் தோல் உரிந்தும் இருந்தது.

“தம்பி, முறிஞ்சது மணிக்கட்டு. வெட்டினதும் அங்கைதான். இஞ்சை மேலை தோல் வெந்து கிடக்கு. நான் முப்பது வரியம் கணக்குப் படிப்பிச்சவள், இந்தக் கணக்கு மட்டும் எனக்கு விளங்கேல்லை” என்றார்.

கணக்கு எமக்கும் விளங்கவில்லை. அவருடைய மகள், மயங்கிக் கிடந்த வேளையில் ஏதோ மின்சார யந்திரம் சுட்டிருக்கவேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்த மூதாட்டி, மருந்தின் சூடு வெளியே தள்ளியது என்றார். சுற்றிவந்த இளைய வைத்தியர், “அலர்ஜியாக இருக்கலாம்” என்று சொல்லி ஒரு பூச்சு மருந்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம். எந்த வைத்தியசாலை என்பது இங்கு வேண்டாத செய்தி. உலகில் எந்த நாட்டின் எந்தப் பெரிய வைத்தியசாலையிலும் நிகழக்கூடிய ஒன்றுதான் நிகழ்ந்திருந்தது. எமக்கு உறுத்தியது வேறு: என்ன நிகழ்ந்தது என்று அந்த அம்மையாருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நெடுங்காலம் சத்திரசிகிச்சை செய்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் அன்று மாலையே சென்றோம். காயத்தின் வடிவத்தை நாம் சொல்லி முடிப்பதற்கு முன்னரே, “புயத்தைச் சுற்றி வந்த பட்டை தானே? ஈரப் பஞ்சு செய்த வேலை” என்றார். அவர் சொன்னவற்றையும், அதன் பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் இவ்வாரம் வாசகர்களுக்குத் தருகிறோம். கை முறியாத குடும்பம் எது?

கையிற் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருக்கு முதற் பகை குருதி. கையினுள்ளே நூலிழை போன்ற நரம்புகளும், வெண்ணிறத் தசைநாண்களும், குழாய்களும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குருதி ஊறிக்கொண்டேயிருந்தால் எது நரம்பு, எது குழாய் என்று பிரித்தறிவது சேற்று நீரிற் கைவிட்டு ஊசி தேடுவது போன்றது. ஆகவே வேலை முடியும்வரை கைக்குள் குருதி வராமற் செய்துவிடுகிறார்கள். மேற்கையைச் சுற்றி ஓர் அகன்ற பட்டியை அணிவித்து, அதற்குள் காற்றை நிரப்புகிறார்கள். பிரஷர் பார்க்கும்போது புயத்திற் சுற்றுகிறார்களே, அதே இனத்தது இது. பிரஷர் பட்டி அரை நிமிடம் இறுக்கி விட்டுவிடும். இதுவோ ஒரு மணி நேரம், சிலபோது இரண்டு மணி நேரம் இறுக்கியபடியே இருக்கும். வைத்தியர்கள் இதனை டூர்னிக்கே என்பார்கள். நாம் இறுக்குப்பட்டி என்று சொல்லிக்கொள்வோம்.

இதன் வரலாறு சுவையானது. 1674 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை பெசான்சோன் நகரை முற்றுகையிட்டபோது, மொரெல் என்ற படை வைத்தியர் காயம்பட்டவரின் அவயவத்தைத் துணியாற் சுற்றி, அதனுள் ஒரு கோலைச் செருகி முறுக்கிக் குருதியை நிறுத்தினார் என்பர். நமது ஊரில் வைக்கோற் கட்டை இறுக்குவதற்குக் கயிற்றிற் கோல் செருகித் திருகுவது போலத்தான். 1718 இல் பாரிஸ் நகரத்து ஷான் லூயி பெற்றி, கோலுக்குப் பதிலாகத் திருகாணி பொருத்திய கருவியைச் செய்தார். திருகுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே டூர்னிக்கே என்ற பெயர் பிறந்தது. பின்னர் 1873 இல் ஜெர்மானியரான எஸ்மார்க் இறப்பர்ப் பட்டியைக் கொண்டுவந்தார். விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி அதைச் சுற்றிக்கொண்டு போனால் கையிலுள்ள குருதி பிழிந்தெடுத்தது போல உடலுக்குள் திரும்பிவிடும். இன்றும் அப்பட்டி அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆயின் இறப்பர்ப் பட்டி எவ்வளவு இறுக்குகிறது என்று அளக்க வழியில்லை. சுற்றுக்கு மேற் சுற்றாக ஏறும்போது அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். சுற்றுகிறவருக்கு அது தெரியாது. நரம்பு நசுங்கிக் கை செயலிழந்த சம்பவங்கள் உண்டாயின. அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1901 இல் இத்தாலியின் பவியா நகருக்குச் சென்றபோது, அங்கே ரீவா ரொச்சி என்பவர் அமைத்த பிரஷர் பார்க்கும் கருவியைக் கண்டு ஊருக்குக் கொண்டுபோனார். காற்று நிரப்பி, அழுத்தத்தை அளந்து இறுக்கும் பட்டியைப் பற்றி 1904 இல் அவர் எழுதினார். இன்று சத்திரசிகிச்சைக் கூடங்களில் உள்ளவை அதன் வழிவந்தவையே. இப்போது சிறிய கணினி பொருத்திய யந்திரம் அழுத்தத்தைத் தானே காத்து, நேரத்தை எண்ணி, நேரம் கடந்தால் மணியடிக்கிறது.

இவ்வளவும் நரம்பைக் காப்பதற்காகச் செய்த முன்னேற்றம். தோலைக் காக்கும் வேலை பெரும்பாலும் யந்திரத்தின் கையில் இல்லை. பட்டியைக் கட்டுகிற மனிதரின் கையில் இருக்கிறது.

ஆசிரியையின் புயத்தில் என்ன நடந்தது என்பதை நண்பர் ஒரு துண்டுக் காகிதத்திற் படம் வரைந்து காட்டினார். தோலின் மேல் முதலில் மென்மையான பஞ்சுச் சுருள் சுற்றப்படும். அதன் மேல் இறுக்குப்பட்டி. பிறகு கையைக் கிருமியகற்றும் திரவத்தாற் கழுவித் துடைப்பார்கள். அயடின் கலந்த பழுப்பு நிறத் திரவமோ, ஸ்பிரித்திற் கரைத்த குளோர்ஹெக்சிடினோ அதற்குப் பயன்படும். எல்லாப் பக்கமும் பூசவேண்டுமென்பதற்காக உதவியாளர் கையைச் செங்குத்தாக உயர்த்திப் பிடிப்பார். உயர்த்திய கையிற் பூசிய திரவம் எங்கே வழியும்? விரலிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து புயத்துக்கு. அங்கே பஞ்சு காத்திருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பஞ்சு அத்திரவத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அதன் பின்னரே பட்டிக்குள் காற்று நிரப்பப்படுகிறது.

இத்திரவங்கள் இயல்பிலே கொடியவை அல்ல. தோலிற் பூசிக் காற்றில் உலரவிட்டால் தீங்கில்லை. எத்தனையோ பேருக்கு நாள்தோறும் பூசப்படுகின்றன. உலர முடியாமல், அழுத்தத்தின் கீழ் ஒரு மணி நேரம் தோலோடு ஒட்டிக் கிடக்கும்போதுதான் அவை தம் குணத்தைக் காட்டும். நனைந்த தோல் முதலில் ஊறி மெலியும். அதனுள் குருதியோட்டமும் இல்லாமையால், தன்னைக் காத்துக்கொள்ளும் வலிமையை இழக்கும். பிறகு திரவம் அதை அரிக்கும். ஈரக் காலோடு புதுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு நடந்தவர்களுக்கு இது ஓரளவு தெரியும். தீயில்லாமலே உண்டாகும் இந்தப் புண்ணை மருத்துவர்கள் இரசாயன எரிகாயம் என்றே எழுதுகிறார்கள். மகள் சொன்ன மின்சார யந்திரத்தின் மேல் குற்றமில்லை. ஆயினும் வெந்தது போல் இருக்கிறது என்று தாயார் சொன்னது முற்றிலும் சரி.

அந்த நேரத்தில் அவர் ஏன் கத்தவில்லை என்று எவரும் கேட்கலாம். அவர் மயக்கத்தில் இருந்தார். முழு மயக்கம் கொடாமற் கையை மட்டும் மரக்கச் செய்யும் முறையிலும் எரிவு தெரிவதில்லை. பட்டியோ பச்சைத் துணிகளால் மூடப்பட்டுக் கிடக்கும், பார்ப்பாரும் இல்லை. எல்லாருடைய கண்களும் மணிக்கட்டிலேயே இருக்கும். காயம் மறைவில் உண்டாகி, துணி நீக்கும்போதுதான் வெளிப்படுகிறது.

ஈரம் மட்டுமே காரணமென்று எண்ணிவிடக் கூடாது. பஞ்சிலே ஒரு மடிப்பு இருந்தால் போதும். அந்த மடிப்பு தோலையும் மடித்துக் கிள்ளிக்கொண்டு நிற்கும். தனித்தனிக் கொப்புளங்களாக, கோடு பிடித்தாற்போல வருபவை பெரும்பாலும் இவ்வாறு வந்தவை. பருத்த புயமுடையோருக்கு இன்னொரு தொல்லை. அவர்களுடைய மேற்கை தோளடியில் அகன்று, முழங்கையை நோக்கிக் குறுகி, கவிழ்த்து வைத்த புனல் போல் இருக்கும். நேரான பட்டியை அதிற் கட்டினால் அது மெல்ல மெல்லக் கீழே வழுக்கும். வழுக்கும் பட்டி தோலை இழுத்து உராயும். மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள படைக்கும் இடையில் உண்டாகும் இந்த இழுவை, நேரான அழுத்தத்தைக் காட்டிலும் தோலுக்குப் பொல்லாதது. முதியோருடைய தோலோ காய்ந்த வெங்காயச் சருகு போன்றது. ஸ்டீரொயிட் மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டவர்களின் தோல் அதைவிட மோசம்; பட்டியை நீக்கும்போது ஒட்டுப்பட்டியுடன் சேர்ந்து தோலும் வந்துவிடுவதுண்டு.

இனி, இவற்றைத் தடுப்பது எப்படி என்பது. இதில் மந்திரம் எதுவுமில்லை. பொறுமையுள்ள ஒரு தாதியும் ஐந்து நிமிடமும் போதும் என்றார் நண்பர்.

முதலில் பட்டியின் அளவு. குழந்தைக்குக் குழந்தையின் பட்டி, பெரிய கைக்குப் பெரிய பட்டி. சுற்றிய பின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று சில அங்குலம் படியவேண்டும். போதாவிடின் காற்று நிரப்பும்போது பிரிந்துவிடும். மிகையானாற் சுருங்கி மடிப்பு விழும். கையின் பருமனுக்கு ஏற்ற மட்டில் அகன்ற பட்டியே நல்லது. நீர் நிறைந்த வாளியைக் கம்பிப் பிடியிற் தூக்கினால் விரலை வெட்டும். அதே பிடியிற் துணியைச் சுற்றித் தூக்கினால் வெட்டாது. அகன்ற பட்டி குறைந்த அழுத்தத்திலேயே குருதியை நிறுத்திவிடுகிறது. குறுகிய பட்டிக்கு அதே வேலையைச் செய்யக் கூடிய அழுத்தம் வேண்டும். அந்தக் கூடுதலைத் தாங்குவது தோலும் நரம்புமே. புனல் வடிவான கைகளுக்கென்று, ஓர் ஓரம் நீண்டு மறு ஓரம் குறுகிய வளைந்த பட்டிகளும் உண்டு. அவை இல்லாத இடத்தில், உதவியாளர் ஒருவர் தோலையும் கொழுப்பையும் முழங்கைப் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் பட்டியைச் சுற்றுவார். பிடித்ததை விட்டதும் கொழுப்பு மேலே எழும்பிப் பட்டியின் கீழோரத்தைத் தாங்கி நிற்கும், பிறகு வழுக்காது. நூலில் எழுதாத காலத்திலேயே தமது பழைய தாதியொருவர் இதைச் செய்ததாக நண்பர் பெருமையோடு சொன்னார்.

கட்டும் இடம் புயத்தின் சதைப்பற்றான பகுதி. முழங்கைக்கு மிக அண்மையிற் கட்டினால் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கும். ஒருமுறை கட்டிய பட்டியைத் திருகி நகர்த்தலாகாது. குழாய் தவறான பக்கம் வந்துவிட்டதென்று சிலர் பட்டியை அப்படியே கையைச் சுற்றித் திருப்பிவிடுவார்களாம். அந்த ஒரு திருப்பலிற் பஞ்சு சுருண்டு தோலும் முறுகிவிடும். கழற்றி மறுபடி கட்டுவதே முறை.

பஞ்சு மடிப்பின்றிச் சுற்றப்படவேண்டும். பட்டியின் இரு ஓரத்துக்கும் சற்று வெளியே தெரியவும் வேண்டும். அதை விட முக்கியமானது அடுத்த செயல். நாம் கேட்டவற்றுள் இதுவொன்றே அந்த அம்மையாரைக் காப்பாற்றியிருக்கும் என்பது எமது துணிபு. பட்டியைக் கட்டி முடித்ததும், கிருமியகற்றி பூசுவதற்கு முன்னர், பட்டியின் கீழோரத்தைச் சுற்றி நீர் புகாத ஒட்டுப்பட்டி ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். அதன் பாதி பட்டியின் மேலும் பாதி தோலின் மேலும் படியும். மழைக்காலத்தில் ஓட்டுக் கூரையின் விரிசலைத் தார் பூசி அடைப்பது போன்ற வேலை. ஓரிடத்திலும் இடைவெளி இல்லாது அடைத்துவிட்டால் உயர்த்திய கையில் எவ்வளவு திரவம் வழிந்தாலும் பஞ்சை எட்டாது. இதற்கு ஆகும் செலவு மிக அற்பம். அற்பமானது என்பதனாலேயே தவறிப்போகிறது. அவசரமான நாளில், பட்டியல் நீண்டிருக்கும் வேளையில், ஒட்டுப்பட்டி கைக்கெட்டாத இடத்தில் இருந்தால், “இன்றைக்கு இப்படியே போகட்டும்” என்று விட்டுவிடுவது மனித இயல்பு.

திரவத்தைத் தொட்டுப் பூசுவதா, ஊற்றிக் கழுவுவதா என்பதும் உண்டு. சொட்டச் சொட்டப் பூசினாற்றான் கிருமி சாகும் என்பது தவறான எண்ணம். அளவாகப் பூசி, உலர்வதற்கு நேரம் கொடுக்கவேண்டும். ஸ்பிரித்துக் கலந்த திரவமானால் உலர விடாமை இன்னொரு ஆபத்தையும் தரும். குருதிக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் மின்கருவியின் பொறி பட்டுத் தேங்கிய ஸ்பிரித்து தீப்பற்றிய நிகழ்ச்சிகள் உலகிற் பல பதிவாகியுள்ளன. பூசும்போது பஞ்சு நனைந்துவிட்டது என்று தெரிந்தால், எவ்வளவு அவசரமாயினும் பட்டியைக் கழற்றிப் புதுப் பஞ்சு வைத்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அழுத்தத்தைப் பற்றி வைத்தியர்களுக்கிடையே நெடுநாள் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பெரியவர்களின் புயத்துக்கு 200 முதல் 250 மில்லிமீற்றர் இரசம் என்று ஒரு பொது வழக்கம் இருந்துவருகிறது. எல்லாருக்கும் ஒரே அளவு வைப்பதை விட, அந்த நோயாளியின் கையிற் குருதியோட்டம் எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்பதை முதலில் அளந்து, அதற்கு மேல் 40 முதல் 80 மில்லிமீற்றர் வரை பாதுகாப்புக்காகக் கூட்டி வைப்பது சிறந்தது என்பது பின்னர் வந்த முடிவு. இவ்வாறு செய்தால் பலருக்குப் பழைய வழக்கத்திலும் குறைந்த அழுத்தமே போதுமாகிறது. நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு மணி என்பது தாண்டக் கூடாத எல்லை. புயத்தில் அதற்கும் முன்னரே முடிக்கப் பார்ப்பார்கள். வேலை நீளுமானால் இடையிற் காற்றை இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கைக்குக் குருதியை ஓடவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். கூடத்துச் சுவரிலே வெண்பலகையில் ஏற்றிய நேரத்தை எழுதிவைப்பதும், குறித்த இடைவெளியில் “ஒரு மணி ஆயிற்று” என்று உரக்கச் சொல்வதும் இதற்காகவே.

முடிவில் காற்றை இறக்கியதோடு வேலை முடிவதில்லை. பட்டியையும் அடியிலுள்ள பஞ்சையும் உடனே நீக்கவேண்டும். தளர்ந்த பட்டியும் கையிலிருந்து திரும்பும் குருதியைத் தடுக்கக் கூடியது. நீக்கியவுடன் புயத்தை விளக்கொளியிற் சுற்றிவரப் பார்த்து, தோல் எப்படியிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். அந்த ஒரு வரி எமது ஆசிரியையின் குறிப்பேட்டில் இருந்திருந்தால், இளைய வைத்தியர் “அலர்ஜி” என்று ஊகிக்க நேர்ந்திராது.

இவ்விடத்தில் நமது ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. பாம்பு கடித்தவுடன் கடிவாய்க்கு மேலே கயிற்றாலோ சேலைக் கிழிசலாலோ இறுக்கிக் கட்டுவது இலங்கைக் கிராமங்களில் இன்னும் உண்டு. விஷத்தை அது நிறுத்துவதில்லை. கட்டு இறுகி அவயவம் கெட்டுப்போவதும், கட்டை அவிழ்த்தவுடன் நோயாளியின் நிலை திடீரென மோசமாவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதனைச் செய்யவேண்டாம் என்றே சொல்கிறது. கடித்த கையை அசையாது வைத்து விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே செய்யத்தக்கது. விபத்திற் கையோ காலோ சிதைந்து குருதி பீறிடும்போது கட்டுவது வேறு. அங்கே உயிர் முதல், தோல் பிறகு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விரலுக்கும் இப்படி ஒரு கட்டு உண்டு. நகச்சுற்று, விரல் வெட்டு முதலியவற்றைத் தைக்கும்போது கையுறையின் விரற்பகுதியைக் கத்தரித்து, விரலில் மாட்டி, அடிவரை சுருட்டிவிடுவார்கள். நல்ல உபாயந்தான். ஆனால் மெல்லிய அந்த வளையம் மருந்துக்கட்டுக்குள் மறைந்து, கழற்ற மறந்து, விரலையே இழந்தவர்கள் உளர். அதனாலேயே கண்ணைப் பறிக்கும் நிறத்திலுள்ள வளையங்கள் இப்போது செய்யப்படுகின்றன.

இறுக்குப்பட்டியே இல்லாமற் கையிற் சத்திரசிகிச்சை செய்ய முடியாதா என்றும் நண்பரைக் கேட்டோம். முடியும் என்றார். கனடாவைச் சேர்ந்த டொனால்ட் லலோண்ட் என்னும் நிபுணரும் அவருடைய தோழர்களும் மரக்கச் செய்யும் மருந்தோடு அட்ரினலினைக் கலந்து ஊசியாக ஏற்றுகிறார்கள். அட்ரினலின் அவ்விடத்துக் குழாய்களைச் சுருக்கி இரத்தப் போக்கை அடக்கிவிடும். விரலில் அட்ரினலினை ஏற்றினால் விரல் அழுகிவிடும் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் போதித்திருந்தார்கள். 2005 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 3,110 பேருக்குக் கையிலும் விரலிலும் அதை ஏற்றியும் ஒருவருக்கேனும் விரல் அழுகவில்லை. நோயாளி விழித்தபடியே பேசிக்கொண்டிருக்கலாம். புயத்திற் பட்டியும் இல்லை, பட்டியால் வரும் நோவும் இல்லை. ஆயினும் எல்லா வகைச் சத்திரசிகிச்சைக்கும், எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. இறுக்குப்பட்டி இன்னும் நெடுங்காலம் இருக்கத்தான் போகிறது.

ஆகையால் நோயாளியும் வீட்டாரும் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லிவைக்கிறோம். சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் கேட்கும்போது மறைக்காமலும், கேட்காவிடின் தாமாகவும் சொல்லவேண்டிய செய்திகள் உள்ளன. தோல் எளிதிற் கிழியும் தன்மையானால் அதைச் சொல்லுங்கள். ஸ்டீரொயிட் மாத்திரையோ, குருதி உறையாமைக்கான மாத்திரையோ எடுப்பதைச் சொல்லுங்கள். அயடினோ ஒட்டுப்பட்டியோ முன்னர் ஒத்துக்கொள்ளாமற் போனதைச் சொல்லுங்கள். சிறுநீரக நோய்க்காகக் கையிலே குருதிக் குழாய்களை இணைத்திருந்தால், அந்தக் கையிற் பட்டி கட்டலாமா என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காகக் கக்கத்துக் கணுக்களை அகற்றியோரும் அவ்வாறே முற்கூட்டிச் சொல்லவேண்டும். இன்னொன்று: புயத்தில் எண்ணெயோ களிம்போ பூசிக்கொண்டு போகவேண்டாம். தாயத்து, நேர்த்திக்கயிறு முதலியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். மனம் ஒப்பாதவர்கள் மற்றக் கையிற் கட்டலாம்.

திரும்பி வந்த பிறகு, வெட்டிய இடத்தை மட்டும் பாராமல் மேற்கையையும் ஒருமுறை பாருங்கள். பஞ்சின் இழை பதிந்த மெல்லிய சிவப்பு எல்லாருக்கும் இருக்கும். சில மணி நேரத்தில் மறைந்துவிடும். மறையாமல் நின்றாலோ, ஓரம் கட்டிய பட்டையாகத் தெரிந்தாலோ, கொப்புளித்தாலோ, உணர்வு திரும்பியதும் அவ்விடம் எரிந்தாலோ உடனே தாதியிடம் காட்டவேண்டும். கைவிரல்களை நிமிர்த்த முடியாமை, மரத்தல் தீராமை ஆகியவையும் சொல்லத்தக்கன. கொப்புளத்தை ஊசியாற் குத்துவது, பற்பசை பூசுவது, தேங்காயெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். பெரும்பாலான காயங்கள் ஒழுங்காக மருந்துக்கட்டிட்டால் ஆறிவிடும். ஆழமாக அரித்துவிட்டாலோ தோல் ஒட்டவேண்டிய நிலையும் வரலாம். ஆகவே அற்பமென்று விட்டுவிடக் கூடாது.

எமது ஆசிரியையின் காயம் ஆறுவதற்கு மணிக்கட்டு ஆறியதை விடக் கூடுதலான நாள் எடுத்தது. இன்றும் அவ்விடத்தில் நிறம் வெளிறிய ஒரு பட்டை இருக்கிறது. நாம் அறிந்துகொண்டவற்றைப் போய்ச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “அப்ப இது ஈரக் கணக்கு” என்று சொல்லிச் சிரித்தார். மகளுக்குத்தான் ஆறவில்லை. ஆற வேண்டியதுமில்லை என்றே நாமும் எண்ணினோம்.

சில மாதங்களின் பின் மற்றக் கையில் விரல்கள் மரத்து இரவிற் தூக்கம் கெட்டது. மணிக்கட்டிலே நரம்பு நெருக்குண்டிருக்கிறது, சிறிய சத்திரசிகிச்சை வேண்டும் என்றார்கள். அம்மையார் மறுக்காமற் போனார். கூடத்துக்குள் தள்ளுவண்டியிற் போகும்போது, பட்டியைக் கையிலெடுத்த தாதியின் முகத்தைப் பார்த்து, “பிள்ளை, என்ரை தோல் மெல்லிசு. போன முறை மற்றக் கையிலை மருந்து உள்ளுக்குப் போய் வெந்துபோச்சு. ஓரத்தை அடைச்சு ஒட்டிவிடு, என்ன?” என்றாராம். அந்தப் பெண் அவருடைய பழைய தழும்பைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல், கட்டிய பஞ்சை அவிழ்த்து மடிப்பெடுத்து மறுபடி சுற்றினாள். ஒட்டுப்பட்டியை இரண்டு சுற்றாக ஒட்டி, விரலால் ஓரம் முழுவதும் நீவிப் பார்த்தாள். “ரீச்சர், இனி மழை பெய்தாலும் உள்ளுக்கு வராது” என்றாள். அவள் ஆசிரியையின் மாணவியல்ல, முன்பின் அறியாதவள்.

அன்று மாலை நாம் போனபோது அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். புயத்திற் பஞ்சின் இழை மட்டும் மங்கலாகப் பதிந்திருந்தது. தேநீர் குடித்துவிட்டு விடைபெறும் நேரத்தில் மறுபடி பார்த்தோம், அதுவும் மறைந்திருந்தது.